ஒரு நிமிடத்துக்குப் பதினொரு கிலோமீட்டர்

காலை ஷிஃப்டின் முதல் டீ வருவதற்குள் டிஸ்பாட்ச் மேனேஜர் ஸ்ரீதர் மோல்டிங் ஹாலுக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. நடப்பதையே யோசித்து யோசித்துச் செய்கிற மனிதர்.

"அம்சா, ஆதார் கார்டு கையில இருக்கா?"

"பேக்ல கீது சார். இன்னாத்துக்கு?"

"ஃப்ளைட் ஏறணும். பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு."

"யாரு சார்?"

"நீதாம்மா!"

அம்சவல்லி கையிலிருந்த க்ளிப்பைக் கீழே போட்டாள். ஒன்பது வருடமாக அவள் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரகடத்தில் பெரிய பெரிய கார் ஆலைகளுக்கு நடுவே இருக்கும் சின்னக் கம்பெனி அது. கார் கதவின் உள்பக்க அட்டையைக் கதவோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் க்ளிப்பை மோல்டு என்கிற இரும்பு அச்சில் வார்ப்பதுதான் வேலை. க்ளிப் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு கதவுக்குப் பத்து, ஒரு காருக்கு நாற்பது. அவற்றை எடுத்துப் பார்த்து, கேஜ் என்ற இரும்பு அளவுத் தகட்டில் குத்திப் பார்த்து, 'டக்' என்று சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால் குப்பை என்று பிரிக்கும் இன்ஸ்பெக்டர் அவள். சேரப்பணஞ்சேரிக்காரி. வீட்டுக்கு மேலே தினமும் ஏரோப்ளேன் போகும். துணி காயப்போடும்போது அண்ணாந்து பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுக்கும் ஏரோப்ளேனுக்கும் இருந்த உறவு.

ஸ்ரீதர் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னார். புனேக்கு அனுப்பிய லாரி வழியில் சித்ரதுர்காவுக்கு அருகே அச்சு முறிந்து நிற்கிறது. புனே பக்கத்தில் சாக்கன் என்ற ஊரில் இருக்கும் கார் ஆலையில் கையிருப்பு க்ளிப் சாயங்காலம் நாலு மணி வரைதான் வரும். வேறு லாரி பிடித்துச் சரக்கை மாற்றி ஏற்றினாலும் இரவு ஒன்பதாகிவிடும். நாலு மணிக்கு க்ளிப் இல்லையென்றால் அங்கே லைன் நின்றுவிடும். கதவில்லாத கார்கள் வரிசையாக நிற்கும்.

"நேத்து புது மோல்டுல அடிச்ச நாலாயிரம் க்ளிப் ரெடியா இருக்கு. கையில எடுத்துட்டுப் போனா நூறு காருக்கு ஆச்சு. ஆனா புது மோல்டுங்கறதால அவங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இன்ஸ்பெக்டரே நேர்ல வந்து மாட்டிக் காட்டணுமாம். நம்ம கம்பெனியில அந்த மோல்டுக்கு நீ ஒருத்திதானே இன்ஸ்பெக்டர்?"

"எவ்ளோ தூரம் சார்?"

"ரோட்டுல ஆயிரத்து நூத்து எண்பது. மேல தொள்ளாயிரத்துப் பத்து. ஒண்ணே முக்கால் மணி நேரம்."

அம்சவல்லிக்குக் கால் இரண்டும் தரையில் இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தது. குனிந்து பார்த்தாள். இருந்தன. பக்கத்து மெஷினில் நின்ற சசிகலா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "ஜன்னல் சீட்டு கேளுடி! கேக்காம வந்த, என் மூஞ்சில முழிக்காத!"

வேனில் ஏறியதும் கணவனுக்கு போன் போட்டாள். ரகுபதி இருங்காட்டுக்கோட்டையில் ஷிஃப்ட் பஸ் ஓட்டுகிறவன்.

"நான் புனேக்குப் போறேன்."

"பூனையா? எந்தப் பூனை?"

"யோவ், புனே! ஊரு! ஏரோப்ளேன்ல!"

பஸ்ஸில் இருந்த ஆட்களிடம் அவன் கத்துவது கேட்டது. "எங்க வூட்ல ஏரோப்ளேன்ல போவுதுப்பா!" யாரோ கை தட்டினார்கள். "நீ போய்ட்டு வா. நம்ம புள்ள எழில நான் ஸ்கூல்லேர்ந்து இட்டுகினு வர்றேன். பத்திரம், ஜன்னலாண்ட கைய வெளிய நீட்டாத," என்றான். பஸ் டிரைவருக்குத் தெரிந்த அறிவுரை அதுதான்.

படப்பையில் வேன் நின்றது. வண்டலூரில் நின்றது. பல்லாவரத்தில் நின்றே விட்டது. அம்சவல்லிக்கு எதையும் நேரம் வைத்துப் பார்க்கிற பழக்கம். மெஷின் ஒரு தடவை மூடித் திறக்க இருபத்திரண்டு விநாடி. ஒரு தட்டு க்ளிப் பார்க்க நாலு நிமிடம். வேன் ஏர்போர்ட் வாசலில் நின்றபோது வாட்சைப் பார்த்தாள். முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு எண்பத்திரண்டு நிமிடம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் க்ளிப் பையைத் தராசில் வைத்தாள். எட்டரைக் கிலோ காட்டியது. கையில் கொண்டுபோக ஏழு கிலோதான், மீதியை லக்கேஜில் போடுங்கள் என்றாள். லக்கேஜில் மட்டும் போடவே கூடாது என்று ஸ்ரீதர் சத்தியம் வாங்கியிருந்தார். பை ஒரு ஊருக்கும் ஆள் ஒரு ஊருக்கும் போய்விட்டால் என்ன செய்வது?

"ஹேண்ட்பேக் தனியா எடுத்துட்டுப் போலாமா மேடம்?"

"சின்னதா ஒண்ணு எடுத்துக்கலாம்."

அம்சவல்லி ஓரமாகப் போய்ப் பைகளைப் பிரித்தாள். ஹேண்ட்பேக் முழுவதையும் மதியச் சாப்பாட்டு டிபன் கேரியர் அடைத்துக்கொண்டிருந்தது. காலை நாலரைக்கு எழுந்து கட்டிய புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். கொட்ட மனம் வருமா? அங்கேயே நின்று, உருட்டுகிற பெட்டிகளும் கறுப்புக் கண்ணாடிகளும் தன்னைத் தாண்டிப் போக, இரண்டு தட்டையும் ஆறே நிமிடத்தில் காலி செய்தாள். கழுவி, துப்பட்டாவால் துடைத்து, எழுநூற்றைம்பது க்ளிப்பை அதில் நிரப்பி மூடினாள். மறுபடி தராசில் வைத்தபோது சரியாக ஏழு கிலோ. கவுன்ட்டர் பெண் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மேடம், ஜன்னல் சீட்டு கெடைக்குமா?"

"ஃபுல்லா இருக்குங்க. நடு சீட்தான்."

சசிகலா முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்துக்கொண்டே செக்யூரிட்டிக்குப் போனாள். அங்கே அவள் கதவுச் சட்டத்துக்குள் கால் வைத்ததும் அது வீறிட்டது. ஃபாக்டரி ஷூவின் முனையில் இரும்பு! கழற்றிவிட்டு சாக்ஸோடு நடந்தாள். இடது சாக்ஸில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதற்குள் இந்தப் பக்கம் பை மெஷினில் நின்றுவிட்டது. காக்கிச் சட்டை போட்ட பெண் அதிகாரி கேஜை வெளியே எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினார். உள்ளங்கை அளவு இரும்புத் தகடு, நடுவில் ஓட்டை. டிபன் கேரியரைத் திறந்தார். சோறு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் க்ளிப்.

அவர் ஹிந்தியில் ஏதோ கேட்டார். அம்சவல்லிக்கு ஹிந்தி தெரியாது. ஒரு க்ளிப்பை எடுத்தாள், கேஜின் ஓட்டையில் வைத்தாள், கட்டைவிரலால் லேசாகச் சாய்த்து அழுத்தினாள்.

டக்.

அதிகாரி புருவத்தை உயர்த்தினார். கையை நீட்டி கேஜை வாங்கி அவரும் ஒன்றை அழுத்திப் பார்த்தார். டக். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவரும் ஒரு டக். பின்னால் நின்றிருந்த பயணி, "இன்னா மேடம் அது?" என்று கழுத்தை நீட்டினார். "கார் டோர் க்ளிப் சார். இது போவலன்னா புனேல லைன் நின்னுடும்," என்றாள் அம்சவல்லி. அந்தப் பயணி அதை ஹிந்தியில் சொன்னார். அதிகாரி க்ளிப்களை ஒன்று விடாமல் திரும்பப் போட்டு, டிபனை மூடி, ஜாக்கிரதையாக அவளிடம் நீட்டினார். போங்கள், போங்கள் என்று கையைக் காட்டினார்.

நடு சீட்டில் உட்கார்ந்தாள். டிபனை மடியில் வைத்தாள். அதை முன் சீட்டுக்குக் கீழே தள்ளச் சொன்னார்கள். தள்ளினாள். ஜன்னலோரம் நரைத்த மீசைக்காரர் ஒருவர் கண்ணை மூடியிருந்தார். ஜன்னலின் மூடியையும் இறக்கி விட்டிருந்தார். அம்சவல்லியால் தாங்க முடியவில்லை.

"சார், அத்த கொஞ்சம் தூக்குறீங்களா?"

"ஒண்ணும் தெரியாதும்மா. வெறும் மேகம்."

"மேகமே போதும் சார். நான் இன்னும் மேல்பக்கமா பாத்தது இல்ல."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். யூனிஃபார்ம், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, காலில் ஃபாக்டரி ஷூ. பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். "நீ இங்க வா. நான் வாரத்துக்கு ரெண்டு தடவை போறவன்." பம்ப் விற்கும் கம்பெனியில் வேலையாம். பெயர் அந்தோணிராஜ்.

ப்ளேன் ஓட ஆரம்பித்தது. முதலில் பஸ் மாதிரி, பிறகு ரயில் மாதிரி, பிறகு எது மாதிரியும் இல்லை. முதுகை யாரோ பின்னாலிருந்து அணைத்து இழுப்பதுபோல் இருந்தது. சக்கரத்தின் தடதடப்பு சட்டென்று அறுந்தது. வயிறு மட்டும் ஒரு விநாடி கீழேயே தங்கிவிட்டுப் பிறகு ஓடி வந்து சேர்ந்துகொண்டது. "ஐயோ!" என்று கத்தினாள். பயமில்லை, சிரிப்பு. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடங்கவில்லை.

கீழே வீடுகள் தீப்பெட்டியாயின. பெரிய ஏரி ஒன்று சாய்ந்து எழுந்து நின்றது. செம்பரம்பாக்கம்! அதற்கு அப்பால் தார்ச்சாலை, அதை ஒட்டி வெள்ளையும் சிவப்பும் கறுப்புமாக ஆயிரக்கணக்கான புள்ளிகள் கோடு போட்டதுபோல் வரிசையாக.

"சார்! காரு! எல்லாம் புதுக் காரு! இருங்காட்டுக்கோட்டை சார் அது! எங்க வூட்டுக்காரரு அங்கதான் பஸ்ஸு ஓட்டறாரு!" வாட்சைப் பார்த்தாள். "தரைய வுட்டு மூணு நிமிஷம்கூட ஆவல சார்!"

அந்தோணிராஜ் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எங்கம்மா? அட, ஆமா!" என்றார். பதினோரு வருடமாக இந்த வழியில் போகிறாராம். அங்கே கார் நிற்பதை ஒருநாளும் பார்த்ததில்லையாம்.

"சார், தொள்ளாயிரத்துப் பத்து கிலோமீட்டர்தானே?"

"இருக்கும். வானத்துல இருக்கறது ஒரு மணி இருபது நிமிஷம்தான். மீதி நேரம் தரையில உருட்டறது."

அம்சவல்லி விரலில் கணக்குப் போட்டாள். கண் விரிந்தது. "ஒரு நிமிஷத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் சார்! படப்பை டு தாம்பரம் ஒண்ணரை நிமிஷம்! மோல்டு ஒரு தபா மூடித் தொறக்கறதுக்குள்ள நாலு கிலோமீட்டர்! எட்டு க்ளிப் வுழும், நாம நாலு கிலோமீட்டர் போயிருப்போம்!"

"அப்போ நான் ஷேவ் பண்ற நேரத்துல?"

"எவ்ளோ நேரம் பண்ணுவீங்க?"

"பத்து நிமிஷம்."

"நூத்திப் பத்து! வேலூரே பூடும் சார்!"

இருவரும் கண்ணில் பட்டதையெல்லாம் கிலோமீட்டராக மாற்றினார்கள். தும்மல் கால் கிலோமீட்டர். ஷூ லேஸ் கட்டுவது இரண்டு. வரிசையில் நின்று ஆதார் திருத்துவது சிங்கப்பூர். அந்தோணிராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண், "நான் ஒரு தட்டு கொடுக்கறதுக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

புனேக்கு மேலே வந்ததும் ப்ளேன் இறங்கவில்லை. ஓடுதளம் காலியாகவில்லை, கொஞ்சம் சுற்றிவிட்டு இறங்குவோம் என்று கேப்டன் அறிவித்தார். ஒரு சுற்று. மலைகள் பச்சையாகத் திரும்பின. இரண்டாவது சுற்று. ஓர் ஆறு பளீரென்று கண்ணில் அடித்தது. அம்சவல்லி நாலு மணியை நினைத்து வாட்சைப் பார்த்தாள். ஆனால் மூன்றாவது சுற்று தொடங்கியபோது உள்ளுக்குள் ஒரு குரல் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கெஞ்சியது. அந்தக் குரலுக்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டாள்.

வெளியே வரும்போது ஒன்று ஐம்பது. அவள் பெயரை எழுதிய அட்டையோடு ஒல்லியான ஒருவர் நின்றிருந்தார். கார் ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை, பெயர் உச்சிமாகாளி, திருநெல்வேலிக்காரர்.

"வாங்கக்கா, வாங்க. நல்லா வந்தியளா? சீக்கிரம் ஏறுங்க. முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான்."

"அப்ப மூணு நிமிஷம்," என்று வாய்தவறிச் சொன்னாள்.

மூன்று நிமிடத்தில் முதல் சிக்னலைக்கூடத் தாண்டவில்லை. லாரிகள், கன்டெய்னர்கள், ஷேர் ஆட்டோக்கள், நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம். மணி மூன்று ஐந்தானபோது இன்னும் ஒன்பது கிலோமீட்டர் பாக்கி இருந்தது. கார் அசையவே இல்லை. தொள்ளாயிரத்துப் பத்து கிலோமீட்டரைக் காற்றாகத் தாண்டி வந்தவள் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் சிக்கிக்கொண்டாள். அதை நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

அப்போது ஹெல்மெட் போட்ட ஒருவர் பைக்கில் வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினார். இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிற ஸ்டோர்ஸ் ஆள். உச்சிமாகாளி துள்ளினார்.

"யக்கா, பைக்ல உக்காருவியளா?"

"மூட்டையோட போறதெல்லாம் எங்களுக்குப் புதுசா சார்? எடுங்க வண்டிய!"

பைக்கில் வந்தவர் காரில் ஏறிக்கொள்ள, உச்சிமாகாளி பைக்கை வாங்கினார். டிபன் ஹேண்டிலில் தொங்கியது. ஏழு கிலோ பையை நடுவில் வைத்து அணைத்துக்கொண்டு அம்சவல்லி பின்னால் உட்கார்ந்தாள். லாரிகளுக்கு நடுவே, மண் ஓரத்தில், ஒரு பெட்ரோல் பங்க்கின் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வந்து பைக் பறந்தது. எழுநூற்றைம்பது க்ளிப்பும் டிபனுக்குள் சலங்கை கட்டி ஆடின. "வலது பக்கம் கேப் கீது சார், வுடுங்க, வுடுங்க!" என்று அவள் கத்திக்கொண்டே வந்தாள்.

மூன்று முப்பத்தொன்றுக்கு கேட். பாஸ் எழுத, போட்டோ எடுக்கப் பத்து நிமிடம். அவள் ஷூவைப் பார்த்த கேட் காவலர் மட்டும் தலையை ஆட்டிப் பாராட்டினார். ஷூ இல்லாமல் வந்தவர்களை உள்ளே விடுவதில்லையாம்.

லைன் ஓடிக்கொண்டிருந்தது. கதவு மாட்டும் இடத்தில் நாலைந்து பேர், அவர்களுக்கு முன்னால் ஏறக்குறையக் காலியான பெட்டி. அடியில் ஒரு கைப்பிடி பழைய க்ளிப். சூப்பர்வைசர் புதிய க்ளிப் ஒன்றை வாங்கி, கதவில் மாட்டும் பெண்ணிடம் கொடுத்தார். அவள் நேராக வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னொன்று. அதுவும் இறங்கவில்லை. சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார். உச்சிமாகாளியின் முகம் சுருங்கியது. ஆணியடித்ததுபோல் எல்லோரும் நின்றார்கள். கன்வேயர் மட்டும் நிற்கவில்லை.

அம்சவல்லி பையை வைத்துவிட்டு முன்னால் போனாள். அந்தப் பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்தாள். க்ளிப்பின் தலையில் விரலை வைத்து, அரிசி மணி அளவு சாய்த்து, தன் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

டக்.

அடுத்தது அந்தப் பெண்ணே வைத்தாள். டக். டக். டக். பத்தாவது இறங்கியதும் அவள் ஏதோ மராட்டியில் சொல்லிச் சிரித்தாள். கதவு நகர்ந்தது, அடுத்த கதவு வந்தது. எட்டு நிமிடம் கழித்துப் பழைய க்ளிப் தீர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. தலைக்கு மேலே எரிந்த பச்சை விளக்கு பச்சையாகவே இருந்தது. சூப்பர்வைசர் இரண்டு கையாலும் அம்சவல்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் அப்போதுதான் கவனித்தாள், டிபன் தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு வறுவல் துண்டு க்ளிப்போடு பெட்டியில் விழுந்திருந்தது. மெதுவாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஸ்ரீதர் போன் செய்தார். "அம்சா, நீ தெய்வம்! நாளைக்கு ரிட்டர்னுக்கு ரயில் டிக்கெட் போட்டுடறேன். இருபது மணி நேரம், படுத்துத் தூங்கிட்டே வந்துடலாம்."

"ரயிலா?"

"இப்பதான் அவசரம் இல்லையேம்மா."

அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. க்ளிப்புக்குத்தான் அவசரமா? வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சார், கணக்கு கேளுங்க. ரயில் இருபது மணி நேரம். மூணு ஷிஃப்டு புது மோல்டு ஓடும், பாக்கறதுக்கு ஆள் இல்ல. மூணு ஷிஃப்டு மாலும் எங்கிட்ட டக்குனு சொல்லாம கெடக்கும். காலைல ஃப்ளைட் ஏறுனா பதினொரு மணிக்கெல்லாம் நான் மெஷினாண்ட நிப்பேன். எது வேணும்?"

அந்தப் பக்கம் ஸ்ரீதர் யோசிப்பது தெரிந்தது. நடப்பதற்கே யோசிக்கிறவர். "சரி, ஃப்ளைட்டே போடறேன்," என்றார் கடைசியில்.

"சார், ஜன்னல் சீட்டு."

"தாயே, போடறேன்!"

உச்சிமாகாளியின் வீடு ஆலைக்குப் பக்கத்திலேயே. லாட்ஜ் எதற்கு என்று அவர் மனைவி கங்கா போனிலேயே பிடிவாதம் பிடித்து வரவழைத்துவிட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தோசையும் தேங்காய்ச் சட்னியும் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. அம்சவல்லி சாப்பிடுவதைவிட அதிகமாகப் பேசினாள். வயிறு கீழே தங்கியது, மேகத்தின் மேல்பக்கம், மூன்று சுற்று, நிமிடத்துக்குப் பதினொன்று. கங்கா தோசைக் கரண்டியோடு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அடுப்பில் ஒரு தோசை கருகியது.

"நாங்க ஊருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு, யக்கா. ரயில்ல ஒண்ணர நாளு. பிள்ளைய வச்சுக்கிட்டு யாரு கெடக்கது? எங்கம்மா போன் போட்டு அழுதா. ஏங்க, சென்னை ஒண்ணே முக்கா மணி நேரம்னா, அங்கேருந்து தூத்துக்குடி எவ்வளவு?"

"ஒண்ணரை இருக்கும்," என்று உச்சிமாகாளி தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்ப காலையில இங்க தோசை சுட்டா, சாயங்காலம் எங்கம்மா வீட்டுல காப்பி குடிக்கலாம்!"

"ஏ, ஏதோ பேச்சுக்குச் சொல்லுதாவ…"

"பேச்சு இல்ல சார்," என்றாள் அம்சவல்லி வாய் நிறையத் தோசையோடு. "கரெக்டா கணக்குதான்."

கங்கா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்தாள். "யம்மா, நான்தான்! பொங்கலுக்கு வாரோம்! ப்ளேன்ல! ஆமா, ப்ளேன்ல! என்னது? அவியளா? அவியதான் சொன்னாவ!"

உச்சிமாகாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "யக்கா, நீங்க க்ளிப்புக் கொண்டாந்தியளா, எங்க வீட்டுக்கு வெனையக் கொண்டாந்தியளா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அம்சவல்லிக்குப் புரையேறியது. கங்கா ஒரு கையால் அவள் தலையைத் தட்டிக்கொண்டே, மறு கையில் போனை வைத்து, எந்தத் தேதி, எந்த ப்ளேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.